மர அகப்பை துளை போடாது

மார்ச் 20, திங்கள்

நான்கு வீடு. முதல் வீடு மேட்டுப் பகுதியில். இரண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ். "செத்தே போச்சு" என்று தொலைபேசியில் அழாத குறை. போய்ப் பார்த்தால் பிளக் கழன்று கிடக்கிறது. வேலைக்காரப் பெண் இஸ்திரி போடப் பிடுங்கியவள் திரும்பச் செருக மறந்துவிட்டாள். வீட்டுக்காரி என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "பிளக்குல கரி ஏறியிருந்துச்சும்மா, அதான் கரண்ட் போகல. தேய்ச்சுட்டேன்" என்றேன். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மற்ற மூன்றும் நம் பக்கம், துறைமுகச் சந்துகள். கடல் ஏறி வீட்டுக்குள் வரும் என்பதால் இங்கே எல்லா ஃப்ரிட்ஜும் செங்கல் மேல்தான் நிற்கும். ஒன்றில் கதவு ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு. காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் சும்மா வருகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், பிடித்துக்கொண்டது. ஒன்றில் தண்ணீர் போகும் துளையில் தெம்பே, அந்தச் சோயா வில்லையின் துண்டு. ஒன்றைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். முதுகுக்குக் காற்று வேண்டாமா?

நான் போவதற்குள் எல்லாரும் ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிடுகிறார்கள். நேற்றைய சோறு, பாதி வெங்காயம், ஒற்றை மீன் தலை எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மெக்கானிக் பார்த்துவிடக் கூடாது. எனக்கு என்ன? என் வீட்டிலும் அதே மீன் தலைதான்.

மார்ச் 23, வியாழன்

முதல் நோன்பு. கடைத் தொலைபேசி மூச்சு விடவில்லை. செமாராங் நகரம் முழுவதற்கும் ஐஸ் வேண்டும்.

மார்ச் 25, சனி

ஃப்ரிட்ஜின் குளிர்க் குமிழை ஏழில் வைத்தால் சீக்கிரம் உறையும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? சீக்கிரம் உறையாது. நிற்காமல் ஓடும், உறைபனி ஏறும், அந்தப் பனியே போர்வை மாதிரி மூடிக்கொண்டு குளிரை வெளியே விடாது. இன்று ஆறு வீட்டில் இதையே சொன்னேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள். நான் சந்து முனை தாண்டுவதற்குள் ஆறு குமிழும் ஏழுக்குப் போயிருக்கும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு பை ஐஸ் கூடுதலாக விற்றால்தான் பெருநாளைக்குத் துணி.

முதலாளி ஹர்சோனோ இன்றும் பாடம் எடுத்தார். "செனோ, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் கேள்வி என்ன?"

"என்ன பண்ணுதுன்னு கேக்கணும்."

"அட மடையா. 'என்ன பண்ணீங்க'ன்னு கேளு. அப்பத்தான் அவங்க பயந்து நிப்பாங்க. பயந்தவன் பேரம் பேச மாட்டான்."

இந்த ஆளிடம் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் அப்படிக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

மார்ச் 29, புதன்

ரும்யாத்தி அக்கா வீட்டில் உறைபனி. எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு வீடு. களைப்பு.

ஏப்ரல் 1, சனி

29ஆம் தேதி எழுதியதில் பாதிதான் உண்மை. யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

முழுதும் எழுதுகிறேன்.

ரும்யாத்தி அக்கா எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது சந்து. புருஷன் படகோடு போய்த் திரும்பவில்லை. அதன் பிறகு புருஷனின் அக்கா வார்சினி ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தாள். நீளப் பையில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து விற்பதுதான் பிழைப்பு. வாசலில் பலகை: ஐஸ் கிடைக்கும்.

புதன்கிழமை நான் போனபோது மணி நாலே முக்கால். ஃப்ரீசருக்குள் பனி இரண்டு விரல் கனம். அதில் இருபது பை சிக்கிக் கிடக்கிறது, ஒன்றும் அசையவில்லை. வாசலில் இளநீர் வண்டிக்காரர், பிள்ளைகள், கிண்ணத்தோடு ஒரு கிழவர்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? பிளக்கைப் பிடுங்கு, கதவைத் திறந்து வை, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வை, காத்திரு. மூன்று மணி நேரம்.

"தம்பி, அஞ்சரைக்குள்ள எடுத்துக் குடுத்துரு தம்பி. பாங்கு சொன்னப்புறம் எவன் ஐஸ் வாங்குவான்?"

முதலாளி வேறு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இன்னும் இரண்டு வீடு பாக்கி என்று. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தட்டையானது, பெரியது. பைக்கும் கேஸ் ஓடுகிற தகட்டுக்கும் நடுவில் செருகி நெம்பினேன். ஒன்று வந்தது. இரண்டு. அக்கா கைதட்டினாள். "கெட்டிக்காரன்டா நீ!" என்று சொல்லி, பைகளை ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒன்பதாவதோ பத்தாவதோ நெம்பும்போது கைக்குள் ஏதோ இளகியது.

ஸ்ஸ்ஸ்.

அவ்வளவு சின்னச் சத்தம். அப்புறம் அந்த எண்ணெய் வாடை. நான் விரலை வைத்து அழுத்தினேன், குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி. விரல் நுனி எரிந்தது. சத்தம் அடங்குகிற வரைக்கும் வைத்திருந்தேன். வாசலில் அக்கா சிரித்துக்கொண்டு ஐஸ் விற்றுக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போதே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தால் துளையை அடைத்து, கேஸ் நிரப்பி, இரண்டு நாளில் ஓட வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? மீதிப் பைகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிளக்கைத் திரும்பச் செருகினேன். "ஆச்சு அக்கா" என்றேன்.

இன்று காலை கூப்பிட்டாள். மூன்று நாளாக உறையவில்லையாம். மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடுகிறதாம். போனேன். வார்சினி இடுப்பில் கைவைத்து அடுப்படியில் நின்றிருந்தாள். இளநீர் வண்டிக்காரரும் வாசலில் இருந்தார்.

"நான் வாங்கிக் குடுத்த பொட்டி. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் வார்சினி.

நான் ஃப்ரீசரைத் திறந்தேன். துளையைப் பார்த்தேன். நான் போட்ட துளை. என் வாய் திறந்தது. வந்தது முதலாளியின் குரல்.

"என்ன பண்ணீங்க?"

அக்கா விழித்தாள்.

"இங்க ஓட்டை விழுந்துருக்கு. கத்தி வெச்சு நெம்புனீங்களா?"

"இல்ல தம்பி... கத்தி வெக்கல." கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். "போன மாசம் ஒரு வாட்டி அகப்பை வெச்சு நெம்புனேன். மர அகப்பை. அதுலயா ஓட்டை விழும்?"

மர அகப்பை அலுமினியத் தகட்டைத் துளைக்காது. நூறு முறை குத்தினாலும் துளைக்காது. இந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடும்.

"அதுதான்" என்றேன்.

வார்சினி பிடித்துக்கொண்டாள். "பாத்தியா! என் தம்பியத்தான் வெச்சுக் காப்பாத்தத் தெரியல, ஒரு பொட்டியக்கூடவா?"

ரும்யாத்தி அக்கா என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்க தம்பி, உனக்கு ரெண்டு அலைச்சல்" என்றாள்.

என்னிடம் மன்னிப்பு கேட்டாள்.

ஏப்ரல் 3, திங்கள்

ஃப்ரிட்ஜைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தோம். துளை சின்னது. ஆனால் மூன்று நாளும் ஓடிக்கொண்டே இருந்ததில் அந்தத் துளை வழியாகக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, கம்ப்ரஸருக்குள் எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது. மோட்டாரின் கம்பிச் சுற்று கருகிவிட்டது. ஆக, துளை போட்டது என் கை, கம்ப்ரஸரைக் கொன்றது என் மௌனம். பிளக்கைச் செருகியவன் நான்தானே.

முதலாளியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"அந்தம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"நல்லது." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். இவர் நோன்பு பிடிப்பதில்லை, வயிற்றுப் புண்ணாம். "எல்லா வீட்லயும் ஒரு கத்தி இருக்கு செனோ. எல்லாரும் ஒரு நாளாவது அதை ஃப்ரீசருக்குள்ள விட்டுருப்பாங்க. அதுதான் நமக்குக் காப்பீடு. நீ தேறிட்ட."

தேறிவிட்டேன்.

புதுக் கம்ப்ரஸர் போட அக்காவால் முடியாது. ஃப்ரிட்ஜ் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. வந்து பார்த்த கூலியை மட்டும் முதலாளி கேட்டு வாங்கினார். அதில் என் பங்கும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஏப்ரல் 5, புதன்

நோன்பு திறந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது அம்மா ஆரம்பித்தாள். "உனக்குத் தெரியுமா, ரும்யாத்தி கத்திய வெச்சு ஃப்ரிட்ஜக் குத்திட்டாளாம். ஒரே குத்தாம்! பொம்பளைக்குப் பொறுமை வேணாம்?"

"கத்தி இல்லம்மா. அகப்பை."

"நீதான் போய்ப் பாத்தியாமே. நீ சொன்னதாத்தான் வார்சினி சொல்றா."

ஐந்து நாளில் அகப்பை கத்தியாகிவிட்டது. இன்னும் ஐந்து நாள் போனால் கோடரி.

ஏப்ரல் 8, சனி

ரும்யாத்தி அக்காவைப் பார்த்துவிட்டேன். நாலு மணி வெயிலில் மீன் சந்தைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். முதுகில் சாக்கு. சாக்குக்குள் ஆலை ஐஸ் பாளம். உருகித் தண்ணீர் முதுகு வழியாக இறங்கிப் உடுப்பெல்லாம் ஈரம். அதை உடைத்து விற்கிறாள். ஆலை ஐஸ் மீனுக்குப் போடுவது, அதைக் குடிக்கிற தண்ணீரில் யாரும் விரும்பிப் போட மாட்டார்கள். பாதி வாடிக்கை போயிருக்கும். நோன்பு வேறு. அந்த ஈரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஒரு சொட்டு குடிக்காமல் வருகிறாள்.

நான் பைக்கை அணைத்துவிட்டு ஒரு வேனுக்குப் பின்னால் நின்றேன். அவள் போகிற வரைக்கும் நின்றேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

அக்காவிடம் சொல்லப் போகவில்லை.

ஏப்ரல் 12, புதன்

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா, அது நீங்க இல்ல, நான். ஐந்து சொல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வாசல் பலகை சுவர் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே செத்த ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் நிற்கிறது. கதவைத் திறந்து அரிசி டப்பாவை எடுத்தாள். இப்போது அது அலமாரி. அரிசி, முறுக்கு டின், மடித்த துணி. கதவின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்து, அவளுடைய கையெழுத்து.

கத்தி, அகப்பை எதுவும் வைக்காதே.

"யாரு ஒட்டுனது?"

"வார்சினிதான் எழுதச் சொன்னா. நாளைக்கு வேற பொட்டி வாங்குனாலும் இதப் பாத்துப் பாத்துத் திருந்தணுமாம்." சிரித்தாள். "சரிதான தம்பி, புத்தி வேணும்ல? உக்காரு, பாங்கு சொல்லப் போறாங்க. டீ குடிச்சுட்டுப் போ."

ஐந்து சொல்லில் ஒன்றுகூட வரவில்லை. "அவசரம்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

சீ.

ஏப்ரல் 17, திங்கள்

இன்று முழுவதும் மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். குற்றவாளிக் கூண்டில் முதலாளி: ஒரே நாளில் ஆறு வீடு போகச் சொன்னவர். ஃப்ரிட்ஜ் செய்கிற கம்பெனிக்காரன்: ஏழைக்கு விற்கிற பெட்டிக்கு மட்டும் பனி தானாக உருகுகிற வசதி வைக்காதவன். கடல். மின்சாரம். நோன்பு மாதம் வந்தால் ஐஸை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிற இந்தச் சந்து. மேட்டுப் பகுதியில் ஃப்ரிட்ஜ் நிறையச் சாப்பாட்டை வைத்து அழுக விடுகிறவர்கள்.

எல்லாம் உண்மைதான். ஒன்றையும் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா ஸ்க்ரூ டிரைவர் யார் கையில இருந்துச்சு? பிளக்க யாரு சொருகுனா? "அதுதான்"னு சொன்ன வாய் யாரோடது? மேட்டு வீட்டு வேலைக்காரப் பொண்ணுக்காகப் பொய் சொல்லிட்டு அன்னிக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தியே. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறவனே, உனக்குன்னு வந்தா உன் பொய் யார் தலையில விழுது? உன்னவிட இல்லாதவ தலையில.

ஏப்ரல் 21, வெள்ளி

பிறை தெரிந்துவிட்டது. பள்ளிவாசலில் முரசு. நாளை எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்பு கேட்பார்கள். என்ன தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கென்றே வைத்த நாள் மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 22, சனி

பெருநாள்.

தொழுகை முடிந்து வந்தேன். அம்மா காலில் விழுந்தேன். அக்கம்பக்கத்து ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கையைப் பிடி, "வெளியிலும் உள்ளிலும் மன்னிச்சிருங்க" என்று சொல், ஒரு இனிப்பு, அடுத்த ஆள்.

பதினொரு மணிக்கு ரும்யாத்தி அக்கா வந்தாள். பழைய பச்சை உடுப்பு, இஸ்திரி போட்டது. நான் எழுந்திருப்பதற்குள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள்.

"வெளியிலும் உள்ளிலும் மன்னிச்சிரு செனோ. என் கைப்பழக்கத்தால உனக்கும் கெட்ட பேரு. அன்னிக்கு நீ ஓட்டிக் குடுத்துட்டுப் போன பொட்டிய நான் கெடுத்துட்டேன்."

நான் என்ன சொன்னேன்? "நானும் மன்னிப்பு கேட்டுக்கறேன் அக்கா, வெளியிலும் உள்ளிலும்." அதே வார்த்தை. எல்லாரும் சொல்கிற வார்த்தை. "மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு" என்று அவள் என் தோளைத் தட்டினாள்.

தீர்ந்தது. சொல்லாமலே கேட்டேன், தெரியாமலே கொடுத்தாள். இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது. இப்படி ஒரு திருட்டை நான் செய்ததே இல்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் பெருநாள் வார்சினி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள் என்று தெரியும். போனேன். பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஓலையில் வெந்த கெதுபட் சோறும் கோழிக் குழம்பும். ரும்யாத்தி அக்கா அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் உட்காரவில்லை.

"வார்சினி அக்கா, ரும்யாத்தி அக்காவையும் கூப்புடுங்க. ஒண்ணு சொல்லணும்."

"என்னடா, பொண்ணு பாத்துட்டியா?" யாரோ சிரித்தார்கள்.

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அந்த ஓட்டை நான் போட்டது. ஸ்க்ரூ டிரைவர் வெச்சு. அன்னிக்கு ஐஸ் எடுக்கும்போதே போட்டுட்டேன். கேஸ் போற சத்தம் கேட்டுச்சு. சொல்லல. திரும்ப பிளக்கச் சொருகிட்டுப் போயிட்டேன். அதுலதான் மோட்டாரும் கருகிப்போச்சு. மர அகப்பையால ஓட்டை விழாது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஒரு பிள்ளை மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

வார்சினிதான் முதலில் பேசினாள். "அப்ப அன்னிக்கு என் முன்னாடி நின்னு அவ்வளவு பேசுனியே... நான் அவள என்னெல்லாம்..." முடிக்கவில்லை. ரும்யாத்தி பக்கம் திரும்பவும் இல்லை. கெதுபட் ஓலையை எடுத்து விரலால் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

ரும்யாத்தி அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். கையைத் துணியில் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"நேத்து உன் வீட்டுக்கு வந்து உன் கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டேன்ல?"

"ஆமா அக்கா."

"அதத் திருப்பிக் குடு."

எப்படிக் கொடுப்பது? நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தட்டு கழுவப் போய்விட்டாள்.

ஏப்ரல் 24, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப நான் யார் யார்கிட்டச் சொன்னேனோ அவங்ககிட்டயெல்லாம் போய்த் திருப்பிச் சொல்லணுமா?"

"ஆமா."

"பதினோரு வீடு இருக்குமேடா."

"பதினோரு வீடும்."

முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். என்னைத் திட்டிக்கொண்டே.

ஏப்ரல் 29, சனி

கடை திறந்த முதல் நாளே முதலாளி அனுப்பிவிட்டார். "கையால செஞ்ச தப்ப வாயால பெருசாக்குறவன் எனக்கு வேணாம். நாளைக்கு எவன் கூப்புடுவான் நம்மள?" அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கருவிப் பை என்னுடையது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 6, சனி

வெள்ளத்தில் துருப்பிடித்த ஒரு ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தேன். உடம்பு போய்விட்டது, கம்ப்ரஸர் நல்ல உயிரோடு இருந்தது. மூன்று நாள் வேலை. துளையைச் சுரண்டி, அடைத்து, குழாய்க்குள் ஈரம் போக உறிஞ்சி எடுத்து, கேஸ் நிரப்பி... அக்கா அந்த மூன்று நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி டப்பாவையும் துணியையும் அவளே எடுத்து வைத்தாள். கிளம்பும்போது ஒன்றை மட்டும் கேட்டாள்: "குமிழ எதுல வெக்கணும்?"

"மூணுல."

மூன்றில் வைத்தாள்.

மே 28, ஞாயிறு

காலையில் அம்மா வந்து, "ரும்யாத்தி உன்ன வரச் சொன்னா. பனி கட்டியிருக்காம்" என்றாள். நான் மூன்று தரம் கேட்டேன், என்னையா என்று.

பலகை தெருவைப் பார்த்து இருந்தது.

வாசலிலேயே நிறுத்தினாள். "பைய இங்கயே வெச்சுட்டு வா."

கருவிப் பையை வெளியே வைத்தேன். சட்டைப் பையில் இருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் அவள் பார்த்துவிட்டாள். அதையும் வைத்தேன். வெறுங்கையோடு உள்ளே போனேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. கத்தி, அகப்பை எதுவும் வைக்காதே. அதற்குக் கீழே வேறு மையில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரும்.

பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்து வைத்தேன். அக்கா வெந்நீர்க் கிண்ணத்தை நீட்டினாள், உள்ளே வைத்தேன். கீழே துணி விரித்தேன். அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. அவள் ஒரு முக்காலியை இழுத்து, எனக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நேராகப் போட்டு உட்கார்ந்தாள். டீ கொடுத்தாள். ஆனால் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசலில் ஐஸ் கேட்டு யாரோ கூப்பிட்டபோது, "சாயங்காலம் வா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை முழங்கால் மேலேயே வைத்திருந்தேன்.

வெந்நீரை இரண்டு தரம் மாற்றினோம். பகல் பாங்கு சொன்னபோது உள்ளே ஏதோ விரிசல் விடுகிற சத்தம். ஒரு பெரிய பனிப் பாளம், இரண்டு விரல் கனம், தகட்டை விட்டு நழுவித் துணி மேல் விழுந்தது. யாரும் தொடவில்லை. தானாக விழுந்தது.

அக்கா அதையே பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."